மழைத் தோட்டத்துக்குக் குடை

டைல்ஸ் மாமாவுக்கு மண் ஆகாது. சிலருக்குக் கத்தரிக்காய் ஆகாது, சிலருக்குப் பூனை ஆகாது, அதைப்போல. செருப்படியில் ஒட்டிக்கொண்டு வந்த மண்ணைப் பார்த்துவிட்டால், முன்பின் தெரியாத ஆள் சொல்லாமல் கொள்ளாமல் கூடத்தில் வந்து உட்கார்ந்துவிட்டதுபோல அவர் முகம் மாறும். யார் நீ, எங்கே வந்தாய் என்று கேட்காத குறையாக அதைத் துடைப்பத்தால் ஒதுக்கி, முறத்தில் ஏந்தி, தெருக்கோடியைத் தாண்டிக் கொண்டுபோய்க் கொட்டிவிட்டுத்தான் மறுவேலை.

உத்தியோகம் அப்படி. வேலைக்குச் சேர்ந்தது முதல் ஓய்வு பெற்றதுவரை ஒரே டைல்ஸ் கம்பெனியின் விற்பனைப் பிரதிநிதி. தோள்பட்டை ஒரு பக்கம் சாய்ந்துபோகும் அளவுக்குக் கனமான தோல்பையில் மாதிரித் துண்டுகளை அடுக்கிக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கியவர். வாய்ச்சாலகம் எதுவும் கிடையாது. பையைத் திறந்து, பளபளக்கும் சதுரம் ஒன்றை எடுத்து, அந்த வீட்டுத் தரையின் நடுவில் வைத்துவிட்டுப் பேசாமல் உட்கார்ந்திருப்பார். சற்று நேரத்தில் வீட்டுக்காரர்களுக்குத் தங்கள் தரைக்குச் சொறி பிடித்திருப்பதுபோலத் தெரிய ஆரம்பிக்கும். அவர் தேநீரைக் குடித்து முடிப்பதற்குள் ஆர்டர் வந்துவிடும்.

ஊரையே மூடியவர் சொந்தத் தெருவை விட்டுவைப்பாரா? முதலில் தன் வீட்டு முன்வாசல். பிறகு எதிர்வீடு. பிறகு எதிர்வீட்டைப் பார்த்துப் பக்கத்து வீடு. எல்லாருக்கும் கம்பெனி தள்ளுபடி. ஓய்வுக்குப் பிறகு குடியிருப்போர் சங்கத்தின் செயலாளராக ஆனதும், மிச்சமிருந்த நடைபாதை ஓரத்தையும் பேவர் பிளாக் கல் பதித்து மூடினார். தெருவில் நின்ற மரங்கள் மட்டும் ஆளுக்கு ஒரு வட்டம் மண்ணைக் காலடியில் வைத்துக்கொண்டிருந்தன. அதையும் விடவில்லை. கழுத்துப்பட்டையை இறுக்கிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிய பிள்ளைகளைப்போல மரங்கள் மூச்சுத் திணறி நின்றன. தெரு மட்டும் கண்ணாடிபோல இருந்தது. விழுந்த சோற்றை எடுத்துத் தின்னலாம் என்று டைல்ஸ் மாமா எல்லாரிடமும் சொல்வார். யாரும் தின்று பார்த்ததில்லை.

மழைக்கு இந்தச் செய்தி போய்ச் சேரவில்லை. அது பழையபடியே வந்தது. வந்த இடத்தில் இறங்க இடமில்லை. எல்லாக் கதவும் சாத்தியிருக்கும் தெருவில் விருந்தாளி என்ன செய்வார்? ஒவ்வொரு வாசலிலும் நின்று பார்த்துவிட்டு, சரிவைப் பிடித்து இறங்கி, திறந்திருக்கும் கடைசி வீட்டுக்குள் போவார். மழைத்தண்ணீரும் அதையே செய்தது.

அந்தக் கடைசி வீடு டைல்ஸ் மாமாவின் மகளுடையது.

வீட்டைத் தேடிப் பிடித்துக் கொடுத்ததே அவர்தான். பெண் கூப்பிடு தூரத்தில் இருக்க வேண்டும். மாடியில் நின்றால் அவள் காயப்போட்ட துணி தெரிய வேண்டும். இரண்டும் பொருந்தி வந்ததோடு விலையும் சல்லிசாக இருந்ததால், ஏன் சல்லிசு என்று அவர் கேட்கவில்லை. தரகரும் கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லும் ரகம் இல்லை.

முதல் மழைக்கே தண்ணீர் முன்னறைக்குள் வந்தது. மாமா வாசற்படியை உயர்த்தினார். அடுத்த வருஷம் பழைய சாலைமேல் புதுச் சாலை போட்டார்கள். தெரு உயர்ந்தது, படி தாழ்ந்தது. மறுபடி படியை உயர்த்தினார். மறுபடி சாலை போட்டார்கள். இந்தப் போட்டியில் கடைசியில் மகள் வீட்டுக்குள் போக வேண்டுமென்றால் ஒரு மேட்டில் ஏறிக் கிணற்றில் இறங்குவதுபோல இறங்க வேண்டியிருந்தது. அவர் பார்த்துப் பார்த்துப் பதித்துக் கொடுத்த டைல்ஸ் எதுவும் ஆகாமல் அப்படியே இருந்தன. தண்ணீரால் அவற்றை ஒன்றும் செய்ய முடியவில்லை. சுவர்தான் ஓதம் ஏறி முழங்கால் உயரத்துக்குப் பூத்துப்போயிருந்தது. பேத்திக்கு மழைக்காலம் பூராவும் இழுப்பு. ஈரம் இல்லாத வீடாகப் பாருங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

மாப்பிள்ளை ஒரு மருந்துக் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறவர். நிறையக் கேட்டால் கொஞ்சம் பேசுவார். போன மழைக்காலத்தின் கடைசி மழைக்குப் பிறகு, முன்னறையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஈரத்துணியைப் பக்கெட்டில் பிழிந்துகொண்டே, தலையை நிமிர்த்தாமல் சொன்னார்:

"கம்பெனியில வேற ஊருக்குப் போறியான்னு கேக்குறாங்க மாமா. நான் இன்னும் பதில் சொல்லல. இன்னொரு தடவை தண்ணி உள்ள வந்தா சொல்லிடுவேன்."

குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்தால் சமாதானம் பேசலாம். துணியை இன்னொரு முறை முறுக்கிப் பிழிந்தார். டைல்ஸ் மாமாவுக்குத் தன்னையே பிழிந்ததுபோல இருந்தது. அன்று மாடியில் நின்று மகள் வீட்டுக் கொடியைப் பார்த்தபோது, அதில் துணியே இல்லாத ஒரு நாள் அவர் கண்ணுக்குத் தெரிந்தது.

நகராட்சியிலிருந்து இன்ஜினியர் பெண் வந்தது அதற்குப் பிறகுதான். சங்கத் தலைவர் வீட்டுக் கார் ஷெட்டில் கூட்டம் போட்டார்கள். தலைவர் ஒரு பெரிய அலுவலகத்தில் பெரிய நாற்காலியில் இருந்து ஓய்வு பெற்றவர். யார் எதைச் சொன்னாலும் "நோட் பண்ணிக்குங்க" என்பார். யார் நோட் பண்ண வேண்டும் என்று இதுவரை தெளிவாகவில்லை. அந்தப் பெண் மடிக்கணினியில் ஒரு படத்தைக் காட்டினாள். சாலை ஓரத்தில் நீளமாக ஒரு பள்ளம், அதில் கல்வாழையும் கோரைப்புல்லும்.

"பள்ளம் வெட்டணும்கிறீங்க" என்றார் டைல்ஸ் மாமா.

"ஆமா சார்."

"வெட்டினா மண்ணு தெரியும்."

"மண்ணு தெரியணும்னுதான் சார் வெட்டுறதே."

அவள் பொறுமையாக விளக்கினாள். இதற்கு மழைத் தோட்டம் என்று பேர். பாத்தி சாலையைவிடத் தாழ்வாக இருக்கும். அடியில் ஜல்லி, அதன்மேல் மணலும் மண்ணும். ஓரக்கல்லில் அங்கங்கே வாய் வெட்டிவிட்டால், தெருவில் ஓடும் தண்ணீர் தானாக உள்ளே இறங்கும். முங்கினாலும் காய்ந்தாலும் தாங்குகிற செடிகள். பெய்த தண்ணீர் மறுநாளைக்குள் மண்ணுக்குள் போய்விடும். "தெரு தண்ணி குடிக்கணும்னா ஒரு வாய் வேணும் சார். இப்ப வாயே இல்ல. அதான் எல்லாம் கடைசி வீட்டுக்குப் போகுது."

கொசு வருமா என்று ஒருவர் கேட்டார். பாம்பு வருமா என்று இன்னொருவர். பள்ளத்தில் தன் கார் இறங்கிவிட்டால் யார் பொறுப்பு என்று கார் இல்லாத ஒருவர் கேட்டார். பொருளாளர் அம்மா மட்டும் ஒன்றும் கேட்காமல் டைல்ஸ் மாமாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எரிமலை எப்போது வெடிக்கும் என்று பார்க்கிற பார்வை. அவரோ கையைத் தூக்கி, நான் சம்மதம் என்றார். அவர் கண்முன் மாப்பிள்ளை கையிலிருந்த ஈரத்துணி தொங்கிக்கொண்டிருந்தது யாருக்குத் தெரியும்?

பேவர் பிளாக்கைப் பெயர்த்தபோது நாற்காலி போட்டு எதிரே உட்கார்ந்திருந்தார். ஒவ்வொன்றாகப் பிடுங்க, அவர் தாடை இழுத்துக்கொண்டது. சாப்பிடக் கூப்பிட வந்த மனைவி கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, "எழுந்து வாங்க. ஆபரேஷன் தியேட்டர் வாசல்ல உக்காந்திருக்கிற மாதிரி உக்காந்திருக்கீங்க. தெருவுக்கு ஒண்ணும் ஆகாது" என்றாள். அடியிலிருந்த மண் அத்தனை மழைக்குப் பிறகும் பொடிப்பொடியாகக் காய்ந்து கிடந்தது. டைல்ஸ் மாமா அதைக் குனிந்து பார்த்தார். பல வருஷம் பார்க்காமல் விட்ட உறவுக்காரர் தெருவில் எதிர்ப்பட்டால் எங்கே பார்ப்பது என்று தெரியாதே, அப்படி உடனே பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

கல்வாழை முதல் பூ விட்டது. அங்கேதான் வினை ஆரம்பித்தது. அந்தப் பூ அவ்வளவு சிவப்பாக இருக்கும் என்று அவர் நினைக்கவில்லை. காலையில் பல் துலக்கியதும் நேரே பாத்திக்குப் போய் நிற்க ஆரம்பித்தார். பிறகு பல் துலக்கும் முன்பே. முப்பத்துச் சொச்சம் வருஷம் டைல்ஸ் மேல் வைத்திருந்த பிரியம் அப்படியே குடும்பத்தோடு இடம்பெயர்ந்து தோட்டத்தில் வந்து குடியேறியது. வெள்ளைக் கூழாங்கற்களை வாங்கி, சோப்புத்தூளில் ஊறவைத்துக் கழுவி, மண் வெளியே தெரியாதபடி பரப்பினார். கல்வாழை இலைகளை ஈரத்துணியால் துடைத்தார், முன்பக்கம் மட்டுமல்ல, பின்பக்கமும். 'செடிகளைத் தொடாதீர்' என்று ஒரு பலகை. 'நாய்கள் இந்தப் பக்கம் வர வேண்டாம்' என்று இன்னொன்று. அதை நாய்கள் படிக்கும் உயரத்தில் நட்டார்.

போதாக்குறைக்கு நகராட்சி ஒரு போட்டியும் அறிவித்தது. சிறந்த மழைத் தோட்டம் வைத்திருக்கும் தெருவுக்கு ஆணையர் கையால் கேடயம், தெருமுனையில் 'முன்மாதிரித் தெரு' என்று பெயர்ப்பலகை. பக்கத்துத் தெருவிலும் ஒரு மழைத் தோட்டம் இருந்தது. அந்தத் தெருச் சங்கத்தின் செயலாளர் ஒரு பல் டாக்டர். பேசும்போதெல்லாம் எதிராளியின் வாயையே பார்ப்பவர். அவர் ஒருநாள் நடைப்பயிற்சியில் இந்தப் பக்கம் வந்து, பாத்தியைப் பார்த்து, "நல்லாத்தான் இருக்கு. ஆனா கொஞ்சம் பள்ளமா இருக்கே" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து டைல்ஸ் மாமாவுக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த வாரமே ஒரு தூறல். மழை என்று சொல்ல முடியாது. தெருவின் முகத்தில் தண்ணீர் தெளித்து எழுப்பிவிட்டதுபோல ஒரு தூறல். ஆனால் ஓரக்கல் வாய்கள் தங்கள் வேலையை ஒழுங்காகச் செய்தன. தெருத் தண்ணீர் கருப்பாக உள்ளே இறங்கியது. கூடவே பால் கவர், சிகரெட் துண்டு, வண்டி எண்ணெய், யாருடையதோ ஒற்றைச் செருப்பு. கூழாங்கற்கள் காப்பிக்கொட்டை நிறத்துக்குப் போயின. டைல்ஸ் மாமா, பெற்ற பிள்ளை முகத்தில் எவனோ துப்பிவிட்டதுபோலத் துடித்துப்போய் அவசரக் கூட்டம் கூட்டினார்.

கூட்டத்தில் ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறியது: தோட்டத்தின் தூய்மையைக் கருத்தில்கொண்டு, போட்டி முடியும்வரை மழைத் தோட்டத்துக்குள் மழைநீரை அனுமதிப்பதில்லை. பொருளாளர் அம்மா மட்டும், அப்படியானால் மழை எங்கே போகும் என்று ஒரு சந்தேகம் எழுப்பினாள். அதற்கு ஒரு துணைக்குழு போடலாம் என்றார்கள். "நோட் பண்ணிக்குங்க" என்றார் தலைவர்.

ஓரக்கல் வாய் ஒவ்வொன்றிலும் மணல் மூட்டை வைத்தார்கள். மற்ற யாராக இருந்தாலும் அதோடு விட்டிருப்பார்கள். டைல்ஸ் மாமாவுக்கு இடுக்கு என்று ஒன்று இருந்தால் அதை அடைக்காமல் தூக்கம் வராது. ஒயிட் சிமெண்டைக் குழைத்து, மூட்டைக்கும் கல்லுக்கும் நடுவே விரலாலேயே பூசி, வழித்து, ஈரத் துணியால் துடைத்து முடித்தார். மேலே பிளாஸ்டிக் புல் விரிப்பை வெட்டி ஒட்டினார். வாய் இருந்த இடமே தெரியவில்லை. தன் வாழ்நாளில் செய்த இணைப்புகளிலேயே இதுதான் சுத்தம் என்று அவருக்குத் தோன்றியது. தோன்றியதில் தப்பும் இல்லை.

சாயங்காலம் மகள் வந்தாள். பேத்தி இடுப்பில். கொஞ்ச நேரம் குனிந்து குனிந்து பார்த்தாள்.

"அப்பா, தண்ணி எந்த வழியா உள்ள போகும்?"

"போட்டி முடியட்டும்மா. அப்புறம் திறந்து விட்டுக்கலாம்."

"அதுக்குள்ள மழை வந்தா?"

"வானத்தைப் பாரு. தொடச்சு வச்ச மாதிரி இருக்கு."

அவள் வானத்தைப் பார்க்கவில்லை. அவரைத்தான் பார்த்தாள். "ஆபீஸ்ல அவர்கிட்ட பதில் கேட்டுக்கிட்டே இருக்காங்கப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டுக் குழந்தையை இடுப்பு மாற்றிக்கொண்டு நடந்தாள். அந்தச் சொல் அவருக்குள் எங்கேயோ போய் உறுத்தியது. உறுத்திய இடத்தைத் தேடுவதற்குள், கல்வாழை இலையில் ஒரு தூசு கண்ணில் பட்டுவிட்டது.

போட்டியன்று காலை வானம், முந்திய நாள் வரைக்கும் யாரோ ஒளித்து வைத்திருந்த மேகங்களையெல்லாம் ஒன்றாகக் கொண்டுவந்து கொட்டியது. ஆணையர் பக்கத்துத் தெருவைப் பார்த்துவிட்டு வருவதாகத் தகவல். சங்கத்தார் இஸ்திரி போட்ட சட்டையோடு வரிசையாக நின்றிருந்தார்கள். முதல் துளி தலைவரின் வழுக்கையில் விழுந்தது. இரண்டாவது துளி கல்வாழைப் பூவில் விழுந்தது. முதல் துளியை யாரும் பொருட்படுத்தவில்லை. இரண்டாவதுக்கு டைல்ஸ் மாமா ஓடினார்.

அவர் வீட்டு மாடியில் ஒரு பெரிய நீலத் தார்ப்பாய் இருந்தது. அதைக் கொண்டுவந்து விரித்தார்கள். ஒரு மூலையைத் தலைவர் பிடித்தார், ஒரு மூலையைப் பொருளாளர் அம்மா. இன்னொன்றைக் கார் இல்லாதவர். நான்காவது மூலை டைல்ஸ் மாமாவின் கையில். பாத்தியின் நான்கு பக்கமும் நின்று, கைகளைத் தலைக்குமேல் தூக்கி, மழை படாமல் மழைத் தோட்டத்துக்குக் குடை பிடித்தார்கள். செடிகள் சொட்டு ஈரமில்லாமல் நின்றன. பிடித்தவர்கள் தொப்பலாக நனைந்தார்கள். அவர்கள் காலைச் சுற்றிக்கொண்டு தெருத் தண்ணீர் போயிற்று. அடைத்த வாய்களின் முன்னால் ஒரு கணம் நின்று பார்த்துவிட்டு, பழகிய வழியில் கீழே இறங்கிற்று.

ஆணையர் குடைக்கடியில் வந்தார். கூடவே இன்ஜினியர் பெண். அவள் தார்ப்பாயைப் பார்த்தாள், ஆட்களைப் பார்த்தாள், பிளாஸ்டிக் புல்லைப் பார்த்தாள்.

"எதுக்கு சார் மூடி வச்சிருக்கீங்க?"

டைல்ஸ் மாமா அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். "மழை பெய்யுதேம்மா."

சொன்ன பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது. சட்டைப்பையில் கைப்பேசி அடித்தது. ஒரு கையால் தார்ப்பாயைத் தாங்கிக்கொண்டு மறுகையால் எடுத்தார். மனைவி. மகள் வீட்டிலிருந்து பேசினாள். அவள் வழக்கமாக ஃபோனில் கத்துவாள், இப்போது கத்தவில்லை.

"ஏங்க, தண்ணி படி ஏறிடுச்சு. மாப்பிள்ளை குழந்தையத் தூக்கிக் கட்டில் மேல விட்டிருக்காரு. ஒண்ணுமே பேச மாட்டேங்கிறாரு."

ஆணையர் உதவியாளரிடம் மதிப்பெண் தாளை வாங்கிக்கொண்டிருந்தார். இன்னும் கொஞ்ச நேரம் கையைத் தூக்கி வைத்திருந்தால் போதும். தார்ப்பாயின் நடுவில் தண்ணீர் சேர்ந்து வயிறுபோலத் தொங்கியது. டைல்ஸ் மாமா தெருக்கோடியைப் பார்த்தார். மழைத்திரைக்குப் பின்னால் கொடி மட்டும் மங்கலாகத் தெரிந்தது, வெறும் கயிறாக.

மூலையை விட்டுவிட்டார்.

தார்ப்பாயில் தேங்கியதெல்லாம் மொத்தமாகத் தலைவர்மீது சரிந்தது. தலைவர் வாழ்க்கையில் முதல்முறையாக எதையும் நோட் பண்ணச் சொல்லாமல் நின்றார். டைல்ஸ் மாமா பிளாஸ்டிக் புல்லைப் பிய்த்தெறிந்து மூட்டையைப் பிடித்து இழுத்தார். அசையவில்லை. அவர் பூசிய பூச்சல்லவா? நகத்தால் சுரண்டினார். காலால் உதைத்தார். நாலு வீடு தள்ளி நடந்துகொண்டிருந்த கட்டட வேலைக்கு ஓடிப்போய் ஒரு கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு வந்தார். "சார், ஆணையர் நிக்கிறாரு சார்" என்று கார் இல்லாதவர் வந்து அவர் காதில் கிசுகிசுத்தார். நிற்கட்டும். வெள்ளை இணைப்பைக் குத்தினார். தன் கை இவ்வளவு சுத்தமாக வேலை செய்யும் கை என்பதில் அவருக்கு முதல்முறையாக எரிச்சல் வந்தது. முதல் மூட்டை கிழிந்து பிடுங்கிக்கொண்டு வந்ததும், மடை உடைந்ததுபோலத் தண்ணீர் பாத்திக்குள் பாய்ந்தது. அடுத்தது. அதற்கடுத்தது. கூழாங்கல், பால் கவர், மதிப்பெண், எல்லாம் ஒரே சுழியில் சுற்றின. கல்வாழை இடுப்பளவு சேற்றுத் தண்ணீரில் நின்று தலையை ஆட்டியது. தெருவில் ஓடிய ஓட்டம் மெலிந்து, நூலாகி, அங்கங்கே அறுந்தது.

ஆணையர் சோகமாகத் தலையசைத்தார். "செடியெல்லாம் தண்ணில கெடக்கு. பராமரிப்பு பத்தாது." அது தண்ணீரில் கிடப்பதற்காகத்தானே சார் என்று இன்ஜினியர் பெண் மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். "அது எனக்குத் தெரியும்மா. பாக்க நல்லா இருக்கணுமில்ல?" என்று எழுதி முடித்தார். கேடயம் பல் டாக்டருக்குப் போயிற்று. அந்தத் தெருவின் மழைத் தோட்டம் சாலையைவிட இடுப்பு உயரத்துக்கு மேடாக, சுற்றிலும் சுவர் கட்டி, பஞ்சு வைத்து அடைத்த வாய்போல அத்தனை மழையிலும் உலர்ந்திருந்ததாம். அந்தத் தெருத் தண்ணீர் யார் வீட்டுக்குப் போயிற்று என்று மதிப்பெண் தாளில் ஒரு கட்டம் இல்லை.

டைல்ஸ் மாமா மகள் வீட்டுக்குப் போனபோது முன்னறை பாதிவரை நனைந்திருந்தது. மாப்பிள்ளை நிலைப்படியில் சாய்ந்து, துணியைக் கையில் வைத்துக்கொண்டு துடைக்காமல் நின்றிருந்தார். தெருவில் தண்ணீர் வடிந்துவிட்டதால், உள்ளே வந்தது படிக்கு அடியிலிருந்த வடிதுளை வழியே தானாக வெளியே இறங்கிக்கொண்டிருந்தது.

"வந்துடுச்சு மாமா."

"ஆமா மாப்பிள்ளை." வேறு எதையாவது சொல்ல வாயெடுத்து, முழுங்கிவிட்டு, "நான்தான் அடச்சு வச்சிருந்தேன்" என்றார்.

"தெரியும். தெருவுக்கே தெரியும்." மாப்பிள்ளை தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். "இதுவரைக்கும் வந்த தண்ணிய நாமதான் அள்ளிக் கொட்டியிருக்கோம். இன்னைக்குத்தான் அதுவா போகுது." கணக்குப் பார்க்கிறவர் ஒரு வரியை மேலும் கீழுமாகக் கூட்டிச் சரிபார்ப்பதுபோல யோசித்தார். "அடுத்த மழை வரைக்கும் ஆபீஸ்ல பதில் சொல்லாம இழுத்துப் பாக்குறேன். ஆனா ஒண்ணு மாமா. நீங்க அந்தத் தோட்டத்துல கை வைக்கக் கூடாது."

"இலையத் தொடைக்கிறதும் கூடாது" என்றது உள்ளேயிருந்து மகளின் குரல்.

ஒத்துக்கொண்டார். அதன் பிறகு மழையே இல்லை.

மழை வந்துவிடுமோ என்று வானத்தை அண்ணாந்து பார்த்த மனிதர், வந்துவிடாதா என்று பார்க்கத் தொடங்கினார். கைப்பேசியில் வானிலையைப் பார்ப்பார். நம்பாமல் வானத்தைப் பார்ப்பார். இரண்டும் கைகோத்துக்கொண்டு அவரை ஏமாற்றும். தெருவில் அவர் பேர் மாறிவிட்டது. குடை மாமா. பால் போடுகிறவர்கூட அப்படித்தான் சொன்னார். சட்டினிக்கு உப்பு போதவில்லை என்று ஒருநாள் சொல்லப்போக, "தோட்டத்துக்குக் குடை புடிச்சவருக்கு உப்பு புளி எல்லாம் தெரியுதே" என்றாள் மனைவி. சங்கக் கூட்டத்தில், அடுத்த வருஷப் போட்டிக்கு இப்போதே வாய்களை அடைத்துவிடலாம் என்று கார் இல்லாதவர் முன்மொழிந்தபோது, செயலாளர் எழுந்து நின்று தன் பிணத்தைத் தாண்டித்தான் என்றார். நோட் பண்ணிக்கொண்டார்கள்.

பாத்தியில் சேறு காய்ந்து வெடித்தது. அதிலிருந்து யாரும் நடாத புல் கிளம்பியது. கல்வாழை கன்று விட்டது. ஒரு தவளையும் எங்கிருந்தோ வந்து சேர்ந்தது. டைல்ஸ் மாமா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, கடைக்கண்ணால் பார்த்தபடி கடந்துபோவார். இலையில் படிந்திருக்கும் தூசியைப் பார்த்தால் விரல்கள் தானாக அசையும்.

மழை ஒரு நண்பகலில் வந்தது. அவர் முடிதிருத்தும் கடையில், கழுத்தைச் சுற்றி வெள்ளைத் துணியோடு, ஒரு பக்கம் வெட்டி முடிந்து மறுபக்கம் வெட்டாத நிலையில் உட்கார்ந்திருந்தார். இடி கேட்டதும் எழுந்தார். கடைக்காரர் கத்திரியோடு, சார் சார் என்று வாசல் வரை வந்து, மழையைப் பார்த்து நின்றுவிட்டார். அரைத்தலையோடும் வெள்ளைத் துணியோடும் டைல்ஸ் மாமா ஓடியதைத் தெரு ஜன்னல் ஜன்னலாகப் பார்த்தது.

தோட்டத்தருகே வந்ததும் கால் நின்றுவிட்டது. தண்ணீர் எல்லா வாய்களிலும் நன்றாகத்தான் இறங்கிக்கொண்டிருந்தது. ஒன்றில் மட்டும் ஒரு பிளாஸ்டிக் பை வந்து அப்பிக்கொண்டு, அந்த இடத்தில் தண்ணீர் முட்டி, தயங்கி, கீழே பார்க்க ஆரம்பித்தது. குனிந்தால் ஒரு நொடி வேலை. குனியவும் செய்தார். பாதி வழியில் மகளின் குரல் காதில் விழுந்ததுபோல நிமிர்ந்தார். வார்த்தை கொடுத்தாயிற்று. கைகளை முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு சுற்றுமுற்றும் பார்த்தார். சங்கத் தலைவர் குடை பிடித்துக்கொண்டு வந்துகொண்டிருந்தார்.

"சார், அந்தப் பையைக் கொஞ்சம் எடுத்து விடுங்க. நான் தொடக் கூடாது."

தலைவர் அவர் தலையைப் பார்த்தார். கழுத்துத் துணியைப் பார்த்தார். யாராவது வந்து எடுப்பார்களா என்று தெருவின் இரு பக்கமும் பார்த்தார். யாரும் இல்லை. குடையை மடக்கி அக்குளில் இடுக்கி, முனகிக்கொண்டே குனிந்து, இரண்டு விரலால் பையைப் பிடித்து இழுத்தார். தண்ணீர் கொளக்கென்று உள்ளே போயிற்று. தலைவர் அதைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். பிறகு, சொல்லாமலே, அடுத்த வாயில் சிக்கியிருந்த சருகையும் எடுத்துவிட்டார்.

மகள் வீட்டு வாசலில் மாப்பிள்ளை நின்றிருந்தார். மதியச் சாப்பாட்டுக்கு வந்தவர். பக்கத்தில் மகள், குழந்தையோடு. மூவரும் படியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். டைல்ஸ் மாமாவும் போய் நின்றுகொண்டார். தெருவில் ஒரு தகடுபோலத் தண்ணீர் வந்தது. முதல் படியின் அடியை நனைத்தது. அங்கேயே நின்றது. மழை வலுத்தபோது கொஞ்சம் உயர்ந்ததுபோலத் தெரிந்தது. மகள் அப்பாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு, வந்த காரியம் மறந்துபோனவர்களைப்போல, தண்ணீர் கலைந்து பின்வாங்கியது. முன்னறைத் தரை உலர்ந்திருந்தது.

மாப்பிள்ளை உள்ளே போனார். கைப்பேசியில் அவர் பேசுவது கேட்டது.

"சார், அந்த ஊருக்கு வேற யாரையாவது பாருங்க சார். இல்ல, சம்பளப் பிரச்சினை எல்லாம் இல்ல. வீடு இப்ப பரவாயில்ல. ஆமா சார், இங்கயே இருந்துக்கிறேன்."

வெளியே வந்து மாமனாரின் தலையை ஒரு பக்கமும் மறுபக்கமும் பார்த்தார். உதட்டோரம் லேசாகக் கோணியது.

"பாதியில எந்திரிச்சு வந்துட்டீங்களா மாமா?"

"மழை விடட்டும். போய்க்கலாம்" என்றார் டைல்ஸ் மாமா. மகள் நாற்காலி கொண்டுவந்து போட்டாள். வேண்டாம் என்று படியிலேயே உட்கார்ந்துகொண்டார். மழை விடுகிறதாகத் தெரியவில்லை. அவருக்கும் அவசரம் ஒன்றும் இல்லை.